பிப் இன்ஸ்டால் சர்வரோக நிவாரணி அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தால் அவசியம் படியுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆர்வமாகப் புரோகிராம் எழுதுகிறார்கள். ஓடவிட்டால் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்’ என்று வருகிறது. அண்ணனோ, சீனியரோ, பயிற்சி மையத்து ஆசிரியரோ உடனே சொல்வது, “பிப் இன்ஸ்டால் போடு.” சரியாகவில்லையா? “அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு.” அப்போதும் இல்லையா? “சூடோ சேர்த்துப் போடு.” இதற்குப் பெயர் கற்பித்தலா? என்ன நோய் என்று கேட்காமலே எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வேலை இது.

அந்தப் பிழைக்குப் பொருள் இவ்வளவுதான்: ‘நான் தேடிய இடங்களில் இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை.’ உங்கள் கம்ப்யூட்டரிலேயே இல்லை என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காதவர்கள் மீதுதான் என் கோபம்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பைத்தான் இருப்பது சகஜம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கிடங்கு. பிப் ஒன்றில் கொண்டுபோய் வைக்கிறது. எடிட்டர் இன்னொன்றை ஓட்டுகிறது. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிற கதைதான். நூறு தடவை இன்ஸ்டால் செய்தாலும் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்றுதான் பிப் சொல்லும். அது பொய்யும் அல்ல! சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பதைப் பிரிண்ட் செய்து பாருங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதையே அழைத்து, பின்னால் ‘-எம் பிப் இன்ஸ்டால்’ என்று கொடுத்தால் பேக்கேஜ் சரியான கிடங்குக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது பெயர். இம்போர்ட் செய்கிற பெயரும் இன்ஸ்டால் செய்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிவி2 வேண்டுமென்றால் ஓப்பன்சிவி-பைத்தான், பிஐஎல் வேண்டுமென்றால் பில்லோ. பிழையில் வந்த பெயரை அப்படியே பிப்பிடம் கொடுத்தால் எதுவும் கிடைக்காமல் போகலாம். அதைவிட மோசம், போலி ஒன்று கிடைக்கலாம். பிப் எடுத்துவருகிற பைப்பிஐ களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் ஏற்றலாம். பிரபலமான பெயர்களைப் போலவே பெயர் சூட்டிய போலிகள் அங்கே இருப்பதாக 2017-இல் ஸ்லோவாக்கிய அரசின் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது.

மூன்றாவது, பிள்ளை தன் ஃபைலுக்கு வைக்கிற பெயர். ரேண்டம் பாடத்துக்குப் பயிற்சி செய்கிறவன் ஃபைலுக்கும் ரேண்டம்.பிஒய் என்றே பெயர் வைப்பான். புரோகிராம் இருக்கிற ஃபோல்டரில்தான் பைத்தான் முதலில் தேடும். அவன் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். இதற்கு எதை இன்ஸ்டால் செய்வது? ஃபைல் பெயரை மாற்றினால் தீர்ந்தது. 2024-இல் வந்த பைத்தான் 3.13, பெயரை மாற்றிப் பார் என்று பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. வாசிக்கத்தான் ஆளில்லை.

சூடோ விஷயம் இன்னும் ஆபத்து. லினக்ஸில் சிஸ்டத்தின் சில கருவிகளே பைத்தானில்தான் ஓடுகின்றன. அதில் கை வைக்கக் கூடாது என்று 2023-இல் வந்த டெபியன் 12 பிப்பைத் தடுத்தே நிறுத்துகிறது. நம் ஆட்கள் ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்த்து அதையும் தாண்டச் சொல்கிறார்கள். உடையும் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறதே ஐயா! ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் ஒதுக்குகிற வென்வ் 2012-இலேயே பைத்தான் 3.3-உடன் வந்துவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

“வேலை முடிந்தால் போதாதா சார்?” என்பீர்கள். முடிந்தால் சரி. முடியாதபோது பிள்ளை பைத்தானைக் குறை சொல்வதில்லை, சொல்லிக்கொடுத்தவரையும் குறை சொல்வதில்லை. “எனக்குக் கம்ப்யூட்டர் வராது” என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டராக இருந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் கிடையாது. ஒரு வரியை வாசிக்கச் சொல்லித்தராததற்கு இது பெரிய விலை.

ஆகவே ஐடியில் இருக்கிற என் பிள்ளைகளே, அடுத்த முறை தம்பியோ தங்கையோ போனில் கேட்டால் கட்டளையை அனுப்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி வரி என்ன சொல்கிறது? எந்தப் பைத்தான் ஓடுகிறது? பெயர் சரியா? பதிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதுவரை போனை வைத்துவிடாதீர்கள்.