பாப்பாவுக்கும் ஒரு பங்கு!

உங்க அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்திருக்கா? முதல்ல வாழ்த்துகள். மாமா, சித்தி, சித்தப்பா, அத்தைன்னு ஏதோ ஒரு ப்ரமோஷன் கிடைச்சிருக்கும். ட்ரீட் எல்லாம் முடிஞ்சிருக்கும். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வீட்டுப் பெரியவங்க யாராவது உங்க கையில ஒரு பிளாஸ்டிக் கவரைத் திணிப்பாங்க. உள்ளே ஒரு ஸ்மார்ட் கார்டு, நாலா மடிச்ச சர்டிஃபிகேட், ரெண்டு ஜெராக்ஸ். "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, பாப்பா பேரை ரேஷன் கார்டுல ஏத்திடு!" நான் படிக்கிறது சிவில், மெக்கானிக்கல்னு சொல்லிப் பாருங்க... ம்ஹூம், எடுபடாது. இன்ஜினீயரிங்னாலே எல்லார் வீட்டிலும் அது கம்ப்யூட்டர்தான்.

ஆக, அந்தக் கவரை வாங்கிக்கிட்டவங்களுக்கும், கூடிய சீக்கிரம் வாங்கப் போறவங்களுக்கும்தான் இந்த வாரம்.

முதல் பிரச்னை ஆபீஸ்ல இல்லை, வீட்டிலேயே ஆரம்பிக்கும். "எதுக்குடா அலையுற? பேர் சேர்த்தாலும் அதே இருபது கிலோதானே?"ன்னு ஒரு குரல் வரும். இது பாதி உண்மை. அதனாலதான் நிறைய வீட்டில் குழந்தை எல்.கே.ஜி. போற வரைக்கும் கார்டுல பேரே ஏறுறதில்லை. மீதி பாதி என்னன்னு பார்ப்போம்.

உங்க கார்டை எடுத்து அதுல இருக்கிற குறியீட்டைப் பாருங்க. 'பி.எச்.எச்.'னு இருந்தா அது முன்னுரிமைக் குடும்பம். 'என்.பி.எச்.எச்.'னு இருந்தா முன்னுரிமை இல்லாத குடும்பம். 'ஏ.ஏ.ஒய்.'னு சேர்ந்து இருந்தா அந்தியோதயா, அதாவது ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கானது. தமிழ்நாட்டில் ரெண்டு கோடிக்கும் மேல கார்டு இருக்கு. எல்லோருக்கும் பொதுவான ரேஷன் நம்ம ஊர் ஸ்பெஷல். 2011 ஜூன்லேர்ந்து அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். மத்திய அரசோட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2013-ல். தமிழ்நாடு அதுல சேர்ந்தது 2016 நவம்பர் 1-ல். அந்தச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாசம் 5 கிலோ. இங்கேதான் சூப்பர் விஷயம்... 'ஆள்'னா ஆள்தான். வயசு வித்தியாசம் கிடையாது. அந்தக் காலத்துப் புத்தகக் கார்டுல பெரியவங்க ஒரு யூனிட், குழந்தை அரை யூனிட்னு கணக்கு போடுவாங்க. இந்தச் சட்டத்துக்கு முன்னாடி, ஆறடி மாமாவும் தொட்டில்ல கிடக்கிற பாப்பாவும் ஒண்ணு!

இப்போ கணக்கைப் பாருங்க. நாலு பேர் இருக்கிற முன்னுரிமைக் குடும்பத்துக்கு 20 கிலோ. அஞ்சாவதா பாப்பா வந்தா 25. ஆறாவதா வந்தா 30. மூணு பேர் நாலு பேரா ஆனா மாற்றம் இல்லை, ஏன்னா நம்ம மாநிலத்தில் மூணு பேர் வீட்டுக்கே 20 கிலோ தர்றாங்க. முன்னுரிமை இல்லாத கார்டுக்கு எத்தனை பேர் இருந்தாலும் உச்சவரம்பு 20. அந்தியோதயாவுக்கு எத்தனை பேர் இருந்தாலும் 35. சர்க்கரை தலைக்கு அரை கிலோ, அதிகபட்சம் 2 கிலோ. பருப்பும் பாமாயிலும் கார்டுக்கு ஒண்ணுங்கிற கணக்கு, பாப்பா வந்தாலும் அதேதான்.

ஆக, வீட்டுக் குரல் சொன்னது சில வீட்டுக்கு கரெக்ட், சில வீட்டுக்கு சுத்தத் தப்பு. தாத்தா, பாட்டி, அண்ணன், அண்ணின்னு நாலு பேர் இருக்கிற வீட்டில் பாப்பா பிறந்தா அது மாசம் 5 கிலோ அரிசி விவகாரம். இங்கே அரியர் எல்லாம் எழுத முடியாது, பாஸ். ஆறு மாசம் கழிச்சுப் பேர் சேர்த்தா விட்டுப்போன 30 கிலோவைப் பின்னாடி கூட்டித் தரமாட்டாங்க. போனது போனதுதான்.

"பிறந்த குழந்தை அரிசியா சாப்பிடுது?"ன்னு அடுத்த கேள்வி வரும். சாப்பிடாது. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம்னு டாக்டர்கள் சொல்றாங்க. ஆனா அந்தப் பால் எங்கேர்ந்து வருது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட கணக்குப்படி, பால் கொடுக்கிற அம்மாவுக்கு முதல் ஆறு மாசம் வழக்கத்தைவிட தினமும் 600 கிலோ கலோரி அதிகமா வேணும். பாப்பா பேர்ல வர்ற அரிசி அக்கா தட்டுலதான் விழணும். எத்தனை வீட்டில் பிரசவிச்ச பொண்ணு எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு உட்கார்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊர்ல ரேஷன் கார்டு வெறும் அரிசி கார்டு இல்லை. 'இந்தக் குடும்பத்தில் யார் யார்?'னு அரசாங்கம் பார்க்கிற லிஸ்ட்டே அதுதான். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப உறுப்பினர்களைப் பார்க்கிறது இந்தக் கார்டை வெச்சுத்தான். அரிசி வேண்டாம்னு சொல்ற வீட்டுக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல இந்த லிஸ்ட் தேவைப்படலாம். அன்னிக்கு ஓடுறதைவிட இன்னிக்கு உட்கார்ந்து ஏத்திடலாம்.

சரி, எங்கே ஆரம்பிக்கிறது? பிறப்புச் சான்றிதழ். பிரசவம் நடந்த 21 நாளுக்குள்ள பதிவு செய்யணும், அதுக்குக் கட்டணம் கிடையாது. நம்ம மாநிலத்தில் பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில்தான், அதனால பதிவை அங்கேயே பண்ணிடுவாங்க. அக்காவோட தாய்-சேய் நல அட்டையில இருக்கிற ஆர்.சி.எச். எண்ணைக் கேட்பாங்க, அதைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க. 30 நாள் தாண்டினா அனுமதி வாங்கணும். ஒரு வருஷம் தாண்டினா... வேண்டாம், அந்த அலைச்சலைப் பத்தி எழுத எனக்கு ஒதுக்கின இடம் பத்தாது.

இதுல மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு: பேர்! டிஸ்சார்ஜ் ஆகும்போது பாப்பாவுக்குப் பேரே வெச்சிருக்க மாட்டாங்க. சர்டிஃபிகேட் பேர் இல்லாமலே வந்துடும். பதறாதீங்க, ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்த்துக்கலாம். அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். ஆனா பேர் இல்லாத சர்டிஃபிகேட்டைத் தூக்கிக்கிட்டு ரேஷன் கார்டுக்குப் போகாதீங்க. முதல்ல அதுல பேரை ஏத்துங்க. அதுக்கும் முன்னாடி, வீட்டில் ஒரு ரவுண்ட் டேபிள் மாநாடு போட்டு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை ஃபைனல் பண்ணுங்க. நியூமராலஜி பார்த்து ரெண்டு 'ஏ', ஒரு 'எச்' சேர்க்கணும்னா அதை இப்பவே சேர்த்துடுங்க. இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அப்பா பேர் முழுசா வருமா, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. சர்டிஃபிகேட்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, கார்டுல ஒண்ணுன்னு மூணு ஸ்பெல்லிங் போனா, பிற்பாடு பாஸ்போர்ட் எடுக்கும்போது உங்க மருமகப் பிள்ளை உங்களைத்தான் திட்டும்.

அடுத்தது ஆதார். அஞ்சு வயசுக்குக் கீழே இருந்தா கைரேகை, கண் கருவிழி எதுவும் எடுக்கமாட்டாங்க. ஒரு போட்டோ, பிறப்புச் சான்றிதழ், கூடவே அம்மா அல்லது அப்பாவோட ஆதார். இதுக்குக் கட்டணம் இல்லை. நீல நிறத்தில் ஒரு கார்டு வரும். பாப்பா பால் குடிச்சு முடிச்சுத் தெளிவா இருக்கிற நேரமா பார்த்துக் கூட்டிக்கிட்டுப் போங்க. கேமராவைப் பார்த்ததும் தூங்கிடறதுல அவங்க எல்லாம் நம்ம கடைசி பெஞ்ச் ஆளுங்களையே மிஞ்சிடுவாங்க. ஆதார் இல்லைங்கிற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் சலுகையை மறுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 26 தீர்ப்புல சொல்லியிருக்கு. ஆனாலும் கவுன்டர்ல பெரும்பாலும் கேட்பாங்க. தீர்ப்பைப் படிச்சுக் காட்டி வாதாடுறதைவிட ஆதாரை எடுத்துட்டுப் போறது ஈஸி. எடுக்கவே முடியாத நிலைமைன்னா அந்தத் தீர்ப்பு உங்களுக்காகத்தான் இருக்கு, தாராளமா சொல்லுங்க.

இப்போ மெயின் சிக்கல். பாப்பா எந்தக் கார்டுல சேரணும்? நம்ம ஊர் வழக்கப்படி முதல் பிரசவம் அம்மா வீட்டில். கல்யாணம் ஆகி ஒண்ணரை வருஷம் ஆகியிருக்கும், ஆனா அக்கா பேர் இன்னும் உங்க வீட்டுக் கார்டுலயே இருக்கும். மாமா பேர் அவங்க அப்பா கார்டுல. பாப்பா தொட்டில்ல. மூணு பேரும் மூணு இடத்தில்! ஒருத்தர் பேர் ரெண்டு கார்டுல இருக்கக் கூடாது. அதனால முதல்ல உங்க வீட்டுக் கார்டுலேர்ந்து அக்கா பேரை நீக்கணும். அப்புறம் மாமா வீட்டுக் கார்டுல சேர்க்கணும், இல்லைன்னா அவங்க மூணு பேருக்கும் தனியா புதுக் கார்டு கேட்கணும். "பொண்ணு பேரைக் கார்டுலேர்ந்து எடுக்கிறதா?"ன்னு உங்க அம்மா கண் கலங்குவாங்க. அது சென்டிமென்ட் சீன், டயம் கொடுங்க. ஆனா வேலையை நிறுத்தாதீங்க. மாமியார் வீட்டுக் கார்டுல சேர்த்தா 'உறவு முறை'ங்கிற இடத்தில் பாப்பா 'மகள்' இல்லை, 'பேத்தி'. உறவு எப்பவும் குடும்பத் தலைவரை வெச்சுத்தான். இதை மாத்திப் போட்டுட்டு விண்ணப்பம் திரும்பி வந்தா, திரும்ப முதல்லேர்ந்து.

அக்கா அம்மா வீட்டில் இருக்கிற இந்த அஞ்சாறு மாசம் ரேஷனுக்கு என்ன பண்றதுன்னு கேட்கிறீங்களா? 2020 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுக்குள்ள எந்தக் கடையிலயும் கைரேகை வெச்சு வாங்கிக்கலாம். தனிக் கார்டா இருந்தா ரொம்ப வசதி. கூட்டுக் கார்டா இருந்தா யார் வாங்கறதுன்னு ரெண்டு வீடும் பேசிக்கணும், அதுல நான் தலையிட மாட்டேன்!

விண்ணப்பிக்கிறது சிம்பிள்தான். பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் பதிவு பண்ணின மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். உள்ளே போய் 'உறுப்பினர் சேர்க்கை'. பேர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், பிறந்த தேதி, உறவு முறை, ஸ்கேன் பண்ணின சர்டிஃபிகேட். முடிச்சதும் ஒரு எண் வரும், அதைக் குறிச்சுக்குங்க. அந்த ஓ.டி.பி. எப்பவோ தொலைஞ்சுபோன அப்பாவோட பழைய சிம்முக்குப் போகும், அது வேற கதை. நம்பரை முதல்ல மாத்திடுங்க. நெட் வேண்டாம்னா இ-சேவை மையம், சின்னக் கட்டணம் கட்டணும். வட்ட வழங்கல் அலுவலகத்தில் சரிபார்த்து ஓகே பண்ணுவாங்க. புரோக்கர் யாராவது "நான் முடிச்சுத் தர்றேன் தம்பி"ன்னு வந்தா, அவர் பண்ணப்போறதும் இதே நாலு ஸ்டெப்தான்னு ஞாபகம் வெச்சுக்குங்க.

இவ்வளவும் படிச்சுட்டு "என்னடா ரோதனை"ன்னு தோணுதா? கொஞ்சம் வடக்கே பாருங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்குன்னு ஒதுக்கீடு போட்டது 2011 சென்சஸை வெச்சு. கிராமத்தில் 75 சதவிகிதம், நகரத்தில் 50 சதவிகிதம், மொத்தம் சுமார் 81 கோடி பேர். அதுக்கப்புறம் 2021-ல் வர வேண்டிய சென்சஸ் வரலை. 2027-ல்தான்னு அரசாங்கம் அறிவிச்சிருக்கு. இதோட அர்த்தம் புரியுதா? நீங்களும் நானும் 2011-ல் ஸ்கூல் பசங்க, அந்தக் கணக்குல இருக்கோம். அதுக்கப்புறம் பிறந்த யாருமே அதுல இல்லை! நாட்டோட ஜனத்தொகை கூடிக்கிட்டே போகுது, லிஸ்ட்டோட சைஸ் மட்டும் அப்படியே நிக்குது. இதனால 10 கோடிப் பேருக்கு மேல விடுபட்டிருக்காங்கன்னு பொருளாதார நிபுணர்கள் ழான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020-ல் கணக்கு போட்டாங்க. டெல்லி மாதிரி ஒதுக்கீடு நிரம்பின இடத்தில் ஒரு பேர் போனாத்தான் ஒரு பேர் உள்ளே வர முடியும். பிறந்த குழந்தைக்கு வெயிட்டிங் லிஸ்ட்! நம்ம ஊர்ல மத்திய அரசு கணக்குல வராதவங்களுக்கும் மாநில அரசு சொந்தச் செலவுல அரிசி கொடுக்கறதால நமக்கு இந்த வலி தெரியலை. ஆனா இங்கேயும் முன்னுரிமைக் குடும்பம், மத்த குடும்பம்னு பிரிச்ச கோடு அந்தப் பழைய சென்சஸ் போட்ட கோடுதான். அஞ்சாவதா பிறந்த பாப்பாவுக்கு ஒரு கார்டுல 5 கிலோ, இன்னொரு கார்டுல சைபர்னா, அதுக்கு இந்தக் கோடும் ஒரு காரணம்.

விண்ணப்பம் போட்டு ரொம்ப நாளா பதில் இல்லைன்னா 1967-க்கு போன் பண்ணுங்க. அசையலைன்னா, மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம் நடத்துறாங்க. உங்க தாலுகாவில் எந்த ஊர்ல நடக்குதுன்னு கேட்டுக்கிட்டு, ஒரிஜினல், ஜெராக்ஸ், விண்ணப்ப எண் மூணையும் எடுத்துக்கிட்டுக் காலையிலேயே போயிடுங்க. பேர் ஏறின அடுத்த மாசம் கடையில பில் போடும்போது அளவு மாறியிருக்கான்னு பாருங்க, மொபைல்லயும் எஸ்.எம்.எஸ். வரும். பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆனதும் ஆதார்ல கைரேகையை அப்டேட் பண்ணணும், அந்தத் தேதியை இப்பவே போன்ல அலாரமா வெச்சுடுங்க. அதுக்குள்ள நமக்கு டிகிரி வந்துடும்னு நம்புவோம்!

அடுத்த வாரம் வேற ஒரு க்யூவில் சந்திப்போம்.