துணிகர மூலதனமும் உயர்ந்த வாயிற்படியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் புதுத்தொழில் தொடங்க முனைவோரும், பொதட்டூர்பேட்டையில் நெய்த துணிக்குப் புதிய சந்தை தேடுவோரும் ஒரு சொல்லை இந்நாளில் அடிக்கடி கேட்கின்றனர். துணிகர மூலதனம் என்பதே அது. ஈடும் வட்டியும் கேளாது, தொழிலில் பங்கு பெற்று, நட்டம் வரின் தானும் தாங்கும் பணம் இது. இத்துறையில் போட்டி மிகுந்துள்ளது, ஆதலின் நல்ல தொழிலைப் பணம் தானே தேடி வரும் என்கின்றனர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை.

போட்டி உண்டு, மெய்தான். ஆனால் அது உள்ளே புகுந்துவிட்டவர்களுக்குள் நடக்கும் போட்டி. 2012-ல் செபி வகுத்த மாற்று முதலீட்டு நிதி விதிகளின்படி, இத்தகைய நிதித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ரூ. 20 கோடி திரள வேண்டும்; பணம் இடுவோர் பொதுவாகத் தலைக்கு ரூ. 1 கோடிக்குக் குறையாமல் கொணர வேண்டும். எளியவர் ஏமாறாமல் காப்பது விதியின் நோக்கம். அதனைக் குறை கூறோம்.

சட்டத்தின் தடையினும் பெரிது கணக்கின் தடை. நிதியை நடத்துவோர் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு கட்டணமாகப் பெறுவது பரவலான வழக்கம். 20 கோடி நிதிக்கு இது 40 லட்சம். சம்பளம், தணிக்கை, வழக்கறிஞர், பயணம் யாவும் அதற்குள் அடங்க வேண்டும். 500 கோடி நிதிக்கோ 10 கோடி கிடைக்கும். ஒரு தொழிலை ஆராயும் உழைப்பு, கோரும் தொகை 50 லட்சமாயினும் 50 கோடியாயினும் பெரிதும் மாறுவதில்லை. எனவே பெரிய நிதி சிறு கோரிக்கையைத் திரும்பிப் பாராது. சிறிய நிதி பிழைத்திராது. போதாக்குறைக்கு, முன் நடத்திய நிதியில் ஈட்டிய இலாபம் எவ்வளவு என்று பணமுடையோர் கேட்பர். முதல் நிதியே கிட்டாதவர் எதனைக் காட்டுவார்?

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1946-ல் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் டோரியோ முதலியோர் நிறுவிய அமெரிக்கன் ரிசர்ச் அண்டு டெவலப்மெண்டின் பங்குகளைப் பொதுமக்களும் வாங்கலாம். அது 1957-ல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் கணிப்பொறிக் கம்பெனியில் இட்ட 70,000 டாலர், பின்னர் பல கோடி டாலராகப் பெருகியது.

சிறுதொகையைத் திரட்டும் வழி நம் மாவட்டத்தார் அறியாததன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-லேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் பதிவாயிற்று. பணம் படைத்தவனே கடன் கொடுக்கலாம் என்றிருந்த காலத்தில், உழவர் தாமே சேர்ந்து கடன் கொடுப்பவராயினர்.

சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருப்பினும் வாக்கு ஒன்றே. இதனை வெளி நிதிகள் விரும்பா. அதற்காக இக்கொள்கையைத் தளர்த்துக என்பார் கூற்றை நாம் ஏலோம். மாறாக, சங்கங்கள் கூடி மாவட்ட அளவில் ஒரு நிதி அமைக்க வழி வேண்டும். அதற்கு ஒரு கோடி வரம்பைக் குறைக்க வேண்டும். 2024-ல் மத்திய அரசும் நபார்டும் தொடங்கிய ரூ. 750 கோடி அக்ரிஷ்யூர் நிதியிலிருந்தும் ஒரு பகுதி இத்தகைய சிறு நிதிகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். வரும் பொதுப்பேரவைக் கூட்டங்களில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறை இயக்குநருக்கும், உழவர் சங்கங்கள் கூட்டுறவுப் பதிவாளருக்கும் அனுப்புமாறு வேண்டுகிறோம்.