மூணு மாசம் அடுப்பு எரியுமா?

குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவனுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அடிபட்டுச் சாகிறது யாரு? ரோட்டோரம் நடக்குறவன், சைக்கிள்ல ஷிப்டுக்குப் போறவன். அவனும் நம்மாள்தான்.

ஆனால் காஞ்சிபுரத்துச் சேரிகளில் காணி நிலம் இல்லாத பையன்கள் பலருக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன் ஓட்டுறதுதான் பிழைப்பு. லைசென்ஸ் போனால் சோறு போச்சு. சொந்தக் கார்க்காரன் மூணு மாசத்துக்கு ஒரு டிரைவர் வச்சுக்குவான். கூலிக்கு ஓட்டுறவன்?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். போலீஸ் லைசென்ஸைப் பிடுங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், தடை போடுற அதிகாரம் போலீசுக்குக் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 19(1ஏ) பிரிவுப்படி ஓட்டுநர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, காரணத்தை எழுத்தில் பதிந்த பிறகுதான் மூணு மாசத் தடை. தடை போடாமல் விட்டுவிடவும் அதே பிரிவில் இடமுண்டு. இரண்டாம் தடவை மாட்டினால் லைசென்ஸே ரத்து.

இதில் இன்னொரு கூத்து. மதுவிலக்கை எடுக்க மறுத்த அண்ணா பிறந்த ஊர் இது. அவர் செத்து இரண்டு வருஷத்தில், 1971ல், விலக்கைத் தூக்கினாங்க. 2003லிருந்து சில்லறைக் கடையை நடத்துறதே அரசின் டாஸ்மாக். ஊத்துறதும் அவன், ஊதச் சொல்றதும் அவன்.

சட்டம் படிக்கிற தோழர்களே, நோட்டீஸ் வந்த டிரைவரைத் தனியா அனுப்பாதீங்க. ஒருத்தர் கூடப் போங்க. காரணம் எழுதின உத்தரவைக் கேட்டு வாங்குங்க.