ஒரு கரை, இரு காட்சிகள்

உருவமா, உள்ளடக்கமா என்னும் வினா திறனாய்வு உலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இரண்டையும் பகைப் புலங்களாகக் கொள்வது பொருந்தாது என்பதே நம் கருத்து. கடற்கரை ஓவியங்கள் இரண்டினைக் கொண்டு இதனை விளக்கலாம்.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1867ஆம் ஆண்டு நார்மண்டிக் கடலோரச் சிற்றூராகிய சேந்த் அத்ரெஸில் இவற்றைத் தீட்டினார். ஒன்று நியூயார்க்கிலும் மற்றொன்று சிகாகோவிலும் காட்சியகங்களில் உள்ளன. கரை ஒன்றே, அளவும் ஏறத்தாழ ஒன்றே. காட்சியோ வேறு.

நியூயார்க் ஓவியத்தில் ஓதம் ஏறியுள்ளது, வெயில் ஒளிர்கிறது. வெண்பாய்ப் படகுகள் பந்தயத்தில் செல்ல, நல்லாடை அணிந்த செல்வர் கரையிலிருந்து கண்டு களிக்கின்றனர். சிகாகோ ஓவியத்தில் ஓதம் வற்றியுள்ளது. வானில் மேகம் கவிந்துள்ளது. கரையேற்றிய மீன்பிடி படகுகள் நம் கண்முன் நிற்கின்றன. அருகே மீனவர் உள்ளனர். தொலைநோக்கியுடன் ஓர் ஆடவரும் உடன் ஒரு பெண்ணும் அப்பால் சிற்றுருவங்களாக அமர்ந்துள்ளனர்.

உருவத்தை மட்டும் நோக்குவோர் ஒளியையும் வண்ணத்தையும் வியந்து அமைவர். சமுதாயத்தை மட்டும் நோக்குவோர், பாரிசிலிருந்து அருகிலுள்ள லே ஹாவர் வரை 1847இல் இருப்புப்பாதை வந்ததையும், மீனவர் கரை செல்வரின் கோடை வாழிடமாக மாறியதையும் கூறி அமைவர். அதற்கு வரலாற்று நூலே போதும், ஓவியம் வேண்டியதில்லை. உழைப்போரை முன்னும் ஓய்வு கொள்வோரைப் பின்னும் நிறுத்திய அமைப்பிலன்றோ அச்சமுதாய மாற்றம் கண்ணுக்குப் புலனாகிறது! உருவமே இங்குச் செய்தி சொல்கிறது.

ஆயினும், மோனே மீனவர் பக்கம் நின்றார் என முடிவு கட்டுவதும் தவறு. அவரும் அக்கோடையில் தம் அத்தை இல்லத்தில் தங்கியவரே. பந்தயக் காட்சியைத் தீட்டியதும் அவர் கையே.

இந்நோக்கு நமக்குப் புதிதன்று. நிலத்தைச் சுட்டிய தொல்காப்பியர், தொழிலையும் கருப்பொருளுள் ஒன்றாக வைத்தார். ஆனால், நம் மாணவர் விடைத்தாள்களில் நெய்தல் என்றதும் மணலும் புன்னையும் நிலவுமே மிகுகின்றன. வலை வீசுவோரும் உப்பு விளைப்போரும் ஒரு வரியில் மறைந்துவிடுகின்றனர். இக்குறையில் ஆசிரியராகிய நமக்கும் பங்குண்டு.

எனவே, கடற்கரை ஓவியமாயினும் நெய்தற்பாட்டாயினும் இரு வினாக்களை எழுப்பிப் பயில்வோம்: இங்கு உழைப்பவர் யார்? படைப்பாளி அவரை எங்கே நிறுத்தியுள்ளார்? முதல் வினா சமுதாயத்தைக் காட்டும். இரண்டாவது கலையைக் காட்டும். இரண்டையும் ஒருங்கே வினவுவதே திறனாய்வு.