கூட்டுதலும் குறைத்தலும்

தமிழிலே 'கூட்டுதல்' என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. துடைப்பங் கொண்டு குப்பையை ஒதுக்குதலும் கூட்டுதல். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து மிகுவித்தலும் கூட்டுதல். 'பெருக்குதல்' என்னுஞ் சொல்லும் அத்தகையதே. வகுப்பறையில் இதனை வேடிக்கையாகச் சொல்லிச் சென்ற யாம், நமது காலத்தின் பெருங்குறை ஒன்று இவ்விரு சொற்களுள் அடங்கிக் கிடப்பதைப் பிற்காலத்திலேயே உணர்ந்தோம். நாம் நாடோறும் கூட்டுகின்றோம். குப்பையும் நாடோறுங் கூடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், சிரமதான நாளொன்றின் மாலையிலே, விளையாட்டு மைதானத்தின் மூலையில் மலையெனக் குவிந்த குப்பைக்கு எமது கையாலேயே தீயிட்டோம். வளவு துப்புரவாயிற்றென மகிழ்ந்து நின்ற எம்மை ஆறாந் தரத்து மாணவன் ஒருவன் அணுகி, "சேர், நாளைக்கும் இவ்வளவு வருமோ?" என வினவினான். "வரும், நாளைக்கும் கூட்டுவம்" என்றோம். சொன்ன மாத்திரத்தே, அஃது ஓர் ஆசிரியன் சொல்லத்தக்க விடையன்று என்பது நெஞ்சைத் தைத்தது. நோயைத் தடுக்கும் வழியைக் கூறாது நாடோறும் மருந்து தருவேன் என்ற வைத்தியனை ஒத்தோம்.

அன்று நாம் எரித்தது எங்கே போயிற்று? பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் எரிந்த நச்சுப்புகை அயல்வீட்டாரின் மூச்சிற் கலந்தது. எஞ்சிய சாம்பல் மண்ணிற் கலந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்கும் நீரே நமது கிணற்று நீர். நிலத்தின்மேல் நாம் எறிவதன் நஞ்சு அவ்வழியே இறங்குதற்குத் தடை பெரிதில்லை. கண்ணுக்கு மறைந்தது கழிந்துவிட்டது என்று எண்ணுவார்க்கு நமது நிலம் இடந் தராது.

தலைநகரின் அயலிலே இவ்வெண்ணம் உயிர்களையே பலிகொண்டது. 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த மேட்டை ஒருவர் தனித்துக் குவித்தாரல்லர். பல்லாயிரம் இல்லங்களும் கடைகளும் நாடோறுஞ் சிறிது சிறிதாகக் குவித்தன.

இனி, குப்பையை வகை பிரித்துவிட்டாற் போதுமே என்பார் உளர். பிரித்தல் நன்று, ஆயினும் போதாது. யப்பானிலே கமிக்கற்சு என்னுஞ் சிற்றூர், குப்பையே இல்லாத ஊராவோம் என 2003 இல் உறுதிபூண்டு, தன் கழிவை நாற்பதிற்கு மேற்பட்ட வகைகளாகப் பிரித்தது. அவ்வூரார் ஐந்தில் நான்கு பங்கு வரை மீள்பயனுக்கு அனுப்பினர். எஞ்சிய பங்கை அவர்தம் ஊக்கத்தாலும் வெல்ல இயலவில்லை. மீளப் பயன்படுத்த இயலாவாறு செய்யப்பட்ட பொருள்கள் அவை. ஆகவே குப்பை பிறக்குமிடம் குப்பைத்தொட்டியன்று. பொருளைச் செய்யுமிடமும் விற்குமிடமும் வாங்குமிடமுமேயாம். நமது அரசும் 2017 இல் பொலித்தீன் உணவுத்தாளையும், 2023 இல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு முதலியவற்றையும் தடைசெய்தது. சட்டம் வாயிலிற் காவல் நிற்கும். வீட்டினுள் நடத்தல் நமது கடன்.

முன்னோர் பனையோலைக் கடகத்தோடும் உமலோடும் சந்தைக்குச் சென்றனர். கூழைப் பிளாவிற் பருகினர். அடுக்களைக் கழிவை ஆட்டிற்கும் மாட்டிற்கும் இட்டனர். தோட்டத்திற் குழை தாழ்த்தனர். அவரெல்லாம் நம்மினும் நல்லோர் என்று கூற வந்திலேம். அவர் கைக்கு வந்தவற்றுட் பெரும்பாலன உக்குவன. நம் கைக்கு வருவன அத்தகையன அல்ல. ஆதலின் அவர் நினையாமலே செய்ததை நாம் நினைந்து செய்தல் வேண்டும். சந்தைக்குப் பை கொண்டு செல்லுதல் இல்லத்தரசியின் கடமை மட்டுமன்று. மோட்டார்ச் சைக்கிளிற் சென்று மரக்கறி வாங்கிவரும் ஆடவர்க்கும் உரியது.

வணிகத்தில் மேம்பட்டு விளங்கும் பழைய மாணவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கின்றோம். கேளாதார்க்குப் பை நீட்டாதீர்கள். எண்ணெயையும் சவர்க்கார நீரையும் வாங்குவோர் கொணரும் போத்தலிலேயே அளந்து கொடுங்கள். சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து முற்பணத்தை மீளப் பெற்ற நாட்களை உங்களுட் பலர் மறந்திரார். அம்முறை மீளுமாயின் வாங்குவோருக்கும் நட்டமில்லை, விற்போருக்கும் நட்டமில்லை.

கல்லூரிக்கு யாம் கூறுவது இது: ஒவ்வொரு வகுப்பும் தவணைக்கு ஒரு வாரம் தனது குப்பையைத் தராசிலிட்டு நிறுத்து எழுதுக. மிகுதியாகக் கூட்டிய வகுப்பிற்கன்று, குறைவாகக் குப்பை ஆக்கிய வகுப்பிற்கே பரிசு வழங்குக. குப்பை கூட்டுதலைத் தண்டனையாக விதிப்பதையும் இன்றோடு விடுவோம். இவ்வாறு தண்டித்தோருள் யாமும் ஒருவரே.

முதற் சோதனை இவ்விழாவேயாகுக. விருந்து வாழையிலையில் அமைக. தண்ணீர் மூக்குப்பேணியில் வழங்குக. தோரணம் குருத்தோலையால் ஆகுக. பதாகை துணியிலாகி அடுத்த விழாவிற்கும் உதவுக. பேணி கழுவ ஆளேது என்பார்க்கு எமது விடை: விழா முடிந்தபின் மைதானங் கூட்ட ஆள் தேடுவதிலும் பேணி கழுவ ஆள் தேடுவது எளிது. மாணவர் உளர், யாமும் உளேம்.

அன்று வினவிய மாணவன் இன்று உயர்தர வகுப்பில் இருக்கின்றான். விழா முடிந்த மறுநாட் காலை மைதானத்தைச் சுற்றி வருமாறு அவனை அழைத்துள்ளோம். அவனுக்குரிய விடை அங்கே கிடக்கும்.