முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்: படம் சொல்வதும் கால் சொல்வதும்



"படம் நல்லாயிருக்கு எண்டு சொல்லினம் மிஸ். ஆனா நடக்கேக்க முழங்கால் விட்டுப் போகுது." கிராமங்களில் நடைபெறும் எமது மாதர் கூட்டங்களில் இந்த வார்த்தைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வயல் வரம்பில் சறுக்கி விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்கள், பாடசாலையில் வலைப்பந்து விளையாடிக் கால் முறுகிய பிள்ளைகள் எனப் பலருக்கும் முழங்கால் நார் கிழிந்து சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. அதன் பின்னர் எடுக்கப்படும் எக்ஸ்றே, ஸ்கான் படங்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டுவதில்லை என்பதை அவர்களுக்கு எவரும் விளங்கப்படுத்துவதில்லை. ஆகவே இம்மாதம் அதைப் பற்றிக் கதைப்போம்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலில் நான்கு முக்கிய நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. பாடசாலைப் புத்தகத்தில் இவற்றை இணையம் என்பார்கள். கிளினிக்கில் லிகமன்ட் என்பார்கள். இரண்டு நார்கள் மூட்டின் பக்கங்களில் உள்ளன. மற்ற இரண்டும் மூட்டுக்குள்ளே குறுக்காகச் செல்கின்றன. குறுக்கே செல்பவற்றில் முன்னால் இருப்பதே அதிகமாகக் கிழிகிறது. உங்கள் கிளினிக் கொப்பியில் ஏ.சி.எல். என்று எழுதியிருந்தால் அது இந்த நார்தான். கீழ்க்கால் எலும்பு முன்னே சறுக்காமலும் முழங்கால் முறுகாமலும் தடுப்பது இதன் வேலை.

இந்த நார் முற்றாகக் கிழிந்தால் பெரும்பாலும் தானாக நன்றாகப் பொருந்துவதில்லை. எனவே எமது தொடையின் பின்புறத்திலிருந்தோ, முழங்காற் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதன் வழியே செலுத்தி, ஆணியாலோ சிறு பொத்தான் போன்ற உலோகத்தாலோ இறுக்கி விடுகிறார்கள். அந்தப் புதிய நார் உடம்போடு சேர்ந்து பலம் பெற மாதக்கணக்கில் செல்லும்.

இனிப் படங்களுக்கு வருவோம். 1895 ஆம் ஆண்டு றொன்ட்ஜன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி தமது மனைவியின் கையை எக்ஸ்றே படம் எடுத்தார். அதில் விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. எக்ஸ்றேயின் இயல்பு இன்றும் அதுதான். எலும்பும் உலோகமும் நன்றாகத் தெரியும். நார் தெரியாது. சத்திரசிகிச்சைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்றேயில் துளைகள் சரியான இடத்தில் உள்ளனவா, ஆணி அசைந்திருக்கிறதா, மூட்டின் இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். துளை பிழையான இடத்தில் அமைந்தால் புதிய நார் தளர்ந்துபோக இடமுண்டு. ஆகவே எக்ஸ்றேதானே என்று அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

நாரைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கான். இதில் கதிர்வீச்சு இல்லை, பலமான காந்தம் உண்டு. புதிய நார் அறுந்துவிட்டதா, முழங்காலின் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறதா என்பதை இது காட்டும். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்த முதல் வருடத்தில் புதிய நார் படத்தில் சற்று வெளிறித் தெரிவது வழமை. அது மாற்றமடைந்து பலம் பெறும் காலம் என்பதால் அப்படித் தெரியும். அறிக்கையில் உள்ள ஒரு ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிட்டு "திரும்பவும் கிழிஞ்சு போச்சு" என்று அழ வேண்டியதில்லை.

இங்கேதான் முக்கியமான விடயம் இருக்கிறது. ஸ்கான் எடுக்கும்போது நாம் அசையாமல் படுத்திருக்கிறோம். காலில் பாரம் எதுவும் இல்லை. ஒரு பந்தலைக் கட்டிய கயிற்றைத் தூரத்தில் நின்று பார்த்தால் கயிறு இருப்பது தெரியும். அது இறுக்கமாக இருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்பது கையால் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். முழங்காலும் அப்படித்தான். நார் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது தாங்குகிறதா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை காண வைத்தியர் கையால் சோதிக்க வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்ப்பார்கள். லக்மன் சோதனை என்று இதற்குப் பெயர். இரண்டு கால்களையும் சோதித்து ஒப்பிடுவார்கள். இதையே படமாகவும் எடுக்கலாம். ஏறக்குறைய 15 கிலோ விசையில் காலைத் தள்ளிப் பிடித்தபடி எக்ஸ்றே எடுத்து, எலும்பு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று மில்லிமீற்றரில் அளப்பார்கள். இதை அழுத்த எக்ஸ்றே எனலாம். மற்றக் காலோடு ஒப்பிடும்போது 2 மில்லிமீற்றர் வரையான வித்தியாசம் சாதாரணமானது. 3 முதல் 5 வரை ஓரளவு தளர்வு. அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது. இந்த வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஆனால் கைச் சோதனைக்கு இயந்திரம் தேவையில்லை.

யுத்தத்தில் ஒரு காலை இழந்த சகோதரிகளுக்கு ஒப்பிட மற்றக் கால் இல்லை. உடற்பாரம் முழுவதையும் அந்த ஒரு முழங்காலே அதிகமாகத் தாங்குகிறது. இவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன்னர் எடுத்த படங்களையும் குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு அவை மட்டுமே உதவும்.

நான் அறிந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் குடும்பத் தலைவியான சகோதரி. ஸ்கானில் நார் நன்றாக இருந்தது, ஆனால் படி இறங்கும்போது கால் விட்டுப் போனது. தோட்டை அடகு வைத்து இன்னொரு ஸ்கான் எடுக்கத் தயாராக இருந்தார். அதற்கு முன் கிளினிக்கிற்குப் போய் எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். வைத்தியர் கையால் சோதித்தார். நார் இறுக்கமாகவே இருந்தது. பின் தொடையை நாடாவால் அளந்தபோது சத்திரசிகிச்சை செய்த பக்கம் மெலிந்திருந்தது. பயிற்சியை இடையில் விட்டதால் தசை பலமிழந்து கால் தளர்ந்திருக்கிறது. பிசியோ என்று நாம் அழைக்கும் இயன்மருத்துவரிடம் சில மாதங்கள் சென்றார். தோடு அடகுக்குப் போகவில்லை.

மற்றவர் வலைப்பந்து விளையாடும் மாணவி. அவருக்கும் ஸ்கானில் நார் அறுந்திருக்கவில்லை. ஆனால் கையால் இழுத்துப் பார்த்தபோது தளர்வு தெரிந்தது. அழுத்த எக்ஸ்றேயும் அதையே காட்டியது. நார் அறாமலே நீண்டு போயிருந்தது. அவர் மைதானத்துக்குத் திரும்புவதை வைத்தியர் நிறுத்தி வைத்தார். அப்படியே விளையாடியிருந்தால் உள்ளிருக்கும் சவ்வும் கிழிந்திருக்கக்கூடும்.

இருவரும் சொன்ன முறைப்பாடு ஒன்றுதான், ஆனால் காரணம் வேறு. வாய் திறந்து சொன்னதால்தான் இரண்டும் தெரிய வந்தன.

எமது பெண்கள் ஏன் சொல்வதில்லை? பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் கணக்கில் வராத உழைப்பு என்று ஒரு பாடம் இருந்தது. கிளினிக்கில் அதை நேரில் காண்கிறேன். "என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டால் "வீட்டிலதான் இருக்கிறன்" என்கிறோம். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், குந்தியிருந்து பாத்திரம் கழுவுவதும், நாற்று நடுவதும், விறகு சுமப்பதும் முழங்காலுக்கு வேலை இல்லையா? "வீட்டிலதான்" என்று சொன்னால் அந்தக் கால் நடந்தால் போதும் என்றே கேட்பவர் நினைப்பார். செய்யும் வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கிய விடயம். உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷெல் துண்டுகள் பெரும்பாலும் இரும்பாலானவை. காந்தம் அதை இழுக்கலாம், சூடாக்கலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, இரத்தக் குழாய்களுக்கு அருகில் இருந்தால் பெரும் ஆபத்து. முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, ஸ்கான் செய்யலாமா என்பதைக் கதிரியல் வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். பலருக்குச் செய்யக்கூடியதாகவும் இருக்கும். பழைய கதையைக் கிளறுவார்கள் என்ற பயத்தில் சிலர் மறைக்கிறார்கள். துண்டு இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதும். அது எப்படி வந்தது, அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதெல்லாம் ஸ்கானுக்குத் தேவையில்லை.

அந்த இயந்திரம் தட்டுவது போலப் பெரிய சத்தம் போடும். 2009 வரையிலான சத்தங்கள் இன்னும் காதில் இருப்பவர்களுக்கு அது பயத்தைத் தரலாம். முன்கூட்டியே சொன்னால் காதடைப்பான் தருவார்கள். கையில் ஒரு அழைப்பு மணியும் இருக்கும். முழங்கால் ஸ்கானுக்குக் கால் பக்கமாகவே உள்ளே அனுப்புவது வழமை. அரைமணி நேரமளவில் முடிந்துவிடும்.

கிளினிக்கிற்குப் போகுமுன் இவற்றைச் செய்யுங்கள்:

1. கால் விட்டுப் போன நாள், அப்போது செய்த வேலை, பின் வீக்கம் வந்ததா என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

2. பழைய படங்கள், அறிக்கைகள், சத்திரசிகிச்சைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

3. "படத்தில் நார் இருக்கிறது சரி. கால் தாங்குதா எண்டு கையால் சோதிச்சுப் பாருங்கோ டொக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். இது மரியாதைக் குறைவல்ல.

4. கடன் பட்டுத் தனியாரிடம் ஸ்கான் எடுக்க முன், அதன் முடிவால் சிகிச்சை மாறுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

5. கர்ப்பமாக இருந்தால், அல்லது சந்தேகம் இருந்தால், எக்ஸ்றேக்கு முன்னும் ஸ்கானுக்கு முன்னும் சொல்லுங்கள்.

முழங்கால் நீட்ட மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், அல்லது காய்ச்சலோடு சிவந்து வீங்கினால், கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நோவைப் பொறுத்துக்கொள்வது எமக்குப் பழகிவிட்டது. ஆனால் கால் விட்டுப் போவதைப் பொறுத்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் மூட்டு உள்ளே தேய்ந்து பழுதடையும். இந்தப் பக்கத்தை அடுத்த சங்கக் கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். முழங்காலைப் பிடித்தபடி எழும்பும் ஒருவராவது அங்கே இருப்பார்.