கண்டறிந்த பின் யார் பொறுப்பு?

பள்ளிப் பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் நம் சர்க்கார்கள் சிரத்தை காட்டவில்லை என்று எவரேனும் கூறினால் அது நியாயமாகாது. 2013ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்த சிசு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 30 வகை நோய்களையும் குறைபாடுகளையும் தேடிக் கண்டறிவதற்கென்று, ஆயுஷ் மருத்துவர் இருவரும் செவிலியும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் குழு ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வரவேண்டும். குடற்புழுவை நீக்க அல்பெண்டசோல் மாத்திரையும், சோகைக்கு வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரையும் வகுப்பறையிலேயே வழங்கப்படுகின்றன. 2019 அக்டோபரில் ஆந்திர அரசு ‘கண்டி வெலுகு’ திட்டத்தைத் தொடங்கியபோது முதற்கண் மாணாக்கரின் கண்களையே சோதித்தது. இவை யாவும் பாராட்டத்தக்க முயற்சிகளே. ஆயினும், இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: ஒரு பிள்ளையிடம் குறை இருப்பதாகச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவின் வண்டி புறப்பட்டுப் போன மறுநாள் முதல், அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் இக்கேள்வியை எழுப்புவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வைத்திய வசதியில் இப்பிரதேசத்துக்கு நிகரான பிரதேசங்கள் தென்னாட்டில் மிகச் சில. திருப்பதியில் ரூயா பொது மருத்துவமனையும், தேவஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்த வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகமும், ஊனமுற்றோருக்கான ‘பேர்ட்’ மருத்துவமனையும் உள்ளன. எல்லையைத் தாண்டினால் வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 அக்டோபரில் திருப்பதியில் திறக்கப்பட்ட பத்மாவதி குழந்தைகள் இருதயாலயம், பிறவியிலேயே இருதயக் குறையுடன் பிறந்த ஏழைக் குழந்தைகளுக்குப் பெரும் வரப்பிரசாதமாக அமைந்துவிட்டது. ஆகவே, பள்ளிச் சோதனையில் இருதயக் கோளாறு தென்பட்ட பிள்ளைக்குப் போகவேண்டிய வழி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது.

வழி தெரியாமல் நிற்பவை சிறு வியாதிகள். கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிவதால் கணக்கில் பின்தங்கும் சிறுவன், ஆண்டுக்கணக்காகக் காதில் சீழ் வடிந்து பாதி கேட்டும் கேளாமலும் உட்கார்ந்திருக்கும் சிறுமி, சொத்தைப் பல்லின் நோவால் மதிய உணவைக் கூடச் சரியாக மெல்லாத பிள்ளை, சோகையால் பிற்பகலில் மேசை மேல் தலை சாய்க்கும் பெண் ஆகிய இவர்களை மந்தபுத்திக்காரர் என்று உபாத்தியாயரும் சோம்பேறிகள் என்று பெற்றோரும் எண்ணிவிடுவது எளிது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் சோகையுற்றவர்கள். அதற்கென்று தரப்படும் நீல நிற மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் கண்ட ஒரு பெண், ‘உணவுக்குப் பின் சாப்பிடு, சில வாரத்தில் பழகிவிடும்’ என்று எடுத்துச் சொல்வார் இல்லாமையால், அடுத்த வாரம் அதை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறாள். பதிவேட்டிலோ அவள் மாத்திரை பெற்றவளாகவே இருக்கிறாள்.

கூட்டமாகச் சோதித்து, கூட்டமாக மருந்து கொடுத்து, எண்ணிக்கை எழுதி நகர்ந்துவிடும் இம்முறைக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. அதன் முதல் அத்தியாயங்களுள் ஒன்று இந்தச் சீமையிலேயே எழுதப்பட்டது. அன்று சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த மதனப்பள்ளிக்கு அருகே, 1915 முதல் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை பெரும் தொண்டு ஆற்றிவந்தது. காசத்தைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியை இந்தியாவில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்க 1948 ஆகஸ்டில் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் மதனப்பள்ளியே. மறு ஆண்டே அது பெரும்பாலான மாகாணங்களின் பள்ளிக்கூடங்களுக்குப் பரவியது. பள்ளிகளை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குக் காரணம் வெளிப்படை: முதலில் கையில் சோதனை ஊசி போட்டு, மூன்று நாள் கழித்து அவ்விடத்தில் வீக்கம் உண்டா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு மட்டும் தடுப்பூசி போடவேண்டிய அந்த முறைக்கு, அதே பிள்ளைகள் மறுபடியும் அதே இடத்தில் கிடைக்கவேண்டும், அப்படிக் கிடைக்கும் இடம் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறில்லை.

அந்த இயக்கம் தொடங்கிய நாளில் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த ராஜாஜியே, பதவியை விட்டிறங்கிய பின் 1955இல் அதன் கடும் விரோதியாக நின்று தனி நூலே வெளியிட்டார். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைத் தேசமெங்கும் செலுத்துவதை அவர் ஏற்கவில்லை. அவருடைய வைத்திய வாதங்கள் அனைத்தும் சரியென்று இன்று எவரும் சொல்லமாட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய காச வகைகளைத் தடுப்பதால் அந்த ஊசி இன்றும் பிறந்த சிசுக்களுக்குப் போடப்படுகிறது. எனினும் 1968இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய மாபெரும் ஆராய்ச்சியின் முடிவு 1979இல் வெளியானபோது, பெரியவர்களின் நுரையீரல் காசத்துக்கு அதனால் பாதுகாப்பு இல்லை என்று தெரியவந்தது. நிபுணர்களின் உறுதி ஓரிடத்தில் தளரக்கூடியது என்பதையும், பெற்றோரின் சந்தேகம் எப்போதுமே அறியாமை ஆகிவிடாது என்பதையும் அந்தச் சம்பவம் நமக்குப் போதிக்கிறது.

ஆகவே, பள்ளியில் எந்த மருந்தைக் கொடுப்பதாயினும் பெற்றோருக்கு முன்கூட்டி விளக்கிச் சம்மதம் பெறுவது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்று எண்ணலாகாது. அந்தச் சிகிச்சை இடையில் அறுந்துபோகாமல் இருப்பதற்கு அதுவே ஆதாரம். குப்பம், நகரி, சத்தியவேடு முதலிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழ் வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. அந்தப் பெற்றோரின் கைக்குச் சேரும் சீட்டு அவர்கள் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தாலன்றி, பிள்ளைக்கு என்ன குறை, எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் போகவேண்டும் என்பது அவர்களுக்கு எப்படி விளங்கும்?

பொறுப்பாளர் இல்லாமையின் தீங்கு அவசரக் காலங்களில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் புகுத்தாமல், வலிப்பு நீண்டால் 108ஐ அழைக்கவேண்டும் என்று அறிந்தவர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருக்கவேண்டாமா? இன்சுலின் போட்டுக்கொள்ளவேண்டிய பிள்ளைக்கு அதை வைக்கக் குளிர்ந்த இடமும் போட்டுக்கொள்ள மறைவான அறையும் வேண்டும். விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் இரக்கத்துக்குரியது. நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, காப்பாளரின் அனுமானமே வைத்தியம்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியை நியமிக்கப் பணம் ஏது என்று நிதி இலாகா கேட்கும். ஆந்திரத்துக்கு அக்கேள்வி அவ்வளவாகப் பொருந்தாது. 2019 அக்டோபர் 2 முதல் ஏறக்குறைய இரண்டாயிரம் ஜனங்களுக்கு ஒன்றாகக் கிராமச் செயலகங்களை அமைத்து, அவற்றின் ஊழியர்களுள் ஒருவராக ஏ.என்.எம். செவிலியையும் அமர்த்தியது அந்த மாநிலம். பள்ளிக்கு அருகிலேயே இருக்கும் அந்தப் பெண்மணியிடம் பள்ளியைத் திட்டவட்டமாக ஒப்படைப்பதுதான் பாக்கி. மத்திய சர்க்காரின் 2020ஆம் ஆண்டுத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை ஆரோக்கியத் தூதர்களாக்கியது நல்லதே; ஆனால் பாடமும் பரீட்சையும் மதிய உணவுக் கணக்கும் சுமக்கும் ஆசிரியரைச் செவிலியாகவும் ஆக்கிவிட முடியாது.

வரும் ஜூனில் பள்ளிகள் திறக்கும்போது இவ்விரு ஜில்லா நிர்வாகங்களும் நான்கு காரியங்களைச் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் ஏ.என்.எம். செவிலி பள்ளியில் இருக்கவேண்டும் என்று உத்தரவிடலாம். குறை கண்ட பிள்ளைகளின் பெயருக்கு எதிரே சிகிச்சை நடந்த தேதியை எழுதும் பதிவேட்டை, பிள்ளைகளின் அந்தரங்கம் கெடாத வண்ணம், அவளிடமே வைக்கலாம். சம்மதச் சீட்டைத் தெலுங்கிலும் தமிழிலும் உருதுவிலும் அச்சிடலாம். விடுதிதோறும் இரவு நோய்க்கு யாரை அழைப்பது, எந்த வண்டியில் கொண்டுபோவது, பெற்றோருக்கு யார் சொல்வது என்ற விதிகளை எழுதி ஒட்டலாம். ஆண்டு முடிவில், இத்தனை லட்சம் பிள்ளைகளைச் சோதித்தோம் என்ற அறிக்கையோடு, அவர்களில் எத்தனை பேருடைய குறை தீர்ந்தது என்ற கணக்கையும் கலெக்டர் வெளியிடுவாராயின், மேலே கேட்ட கேள்விக்கு அதுவே விடையாகும்.